கருத்தம்மாளின் நிபந்தனை

சூர்யகலா கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கருத்தம்மாளிடமிருந்து போன் வந்தது. போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவள் அவள். இருவரும் பேசி மூன்று வருடம் இருக்கும்.

"டீச்சர், ஸ்டோர்ல ஃபேன ஓட்டுற பெட்டி நின்னுபோச்சு. லைசென்சு முடிஞ்சிருச்சுன்னு காட்டுது. உள்ள ஒரு லோடு பச்சைக் காயி கெடக்கு."

போன வாரம் படித்த செய்தி சூர்யகலாவின் நினைவுக்கு வந்தது. உலர்த்தும் கருவிகள் விற்ற சின்ன கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கியிருந்தது. இனி அந்தக் கருவிகளுக்கு ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்க வேண்டும் என்று கடைசியில் இரண்டு வரி. யாருக்கோ என்று அடுத்த செய்திக்குப் போய்விட்டாள்.

"கம்பெனிக்குப் பேசினீங்களாக்கா?"

"மொதலாளி ராசிங்காபுரத்துலருந்து ரெண்டு நாளாப் பேசுறாரு. ஒண்ண அமுத்து, ரெண்ட அமுத்துங்குதாம், மனுசக் குரலே வரலயாம். நான் ஃபேன நேராப் போட்டு, வெறகக் கொறச்சு ஓட்டிக்கிட்டு இருக்கேன். வெரசா வாங்க."

"அது என் பெட்டி இல்லையேக்கா."

"உங்க பெட்டி மாதிரியேதான் பேசும். அதான் கூப்புட்டேன்."

சூர்யகலா விடுப்புச் சொல்லிவிட்டு, மடிக்கணினியையும் பரணில் கிடந்த தன் பழைய பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஜீப் ஏறினாள்.

ஆறு வருடங்களுக்கு முன், சூட்டையும் ஈரத்தையும் கவனித்துத் தானாக ஃபேனை ஓட்டும் பெட்டி ஒன்றைச் செய்து, அதற்கான நிரலை அவள் அந்த ஸ்டோரில் வைத்துத்தான் எழுதினாள். யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று நிரலை இணையத்தில் போட்டாள். எந்த உரிமத்தில் தருகிறீர்கள் என்று தளம் கேட்டபோது, பட்டியலில் இருப்பதிலேயே சின்னதைத் தேர்ந்தெடுத்தாள். படிக்கவில்லை. பிறகு தோட்டத்து முதலாளி கம்பெனிப் பெட்டி வாங்கிவிட்டார். பழுது என்றால் ஆள் வருவான் என்பது ஒரு காரணம். அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான், யாரிடமும் சொல்லவில்லை.

ஸ்டோருக்குள் அனலும் ஏலக்காய் வாசமும் மூச்சை அடைத்தன. தூங்காத கண்களோடு நின்ற கருத்தம்மாள், சுவரில் இருந்த பெட்டியை அணைத்துப் போட்டுக் காட்டினாள். உரிம அறிவிப்பு வருவதற்கு முன் ஒரு வரி ஓடி மறைந்தது: 'ஈரம் போகட்டும், பொறு.'

சூர்யகலா எழுதிய வரி அது. எழுத்துப் பிசகாமல் அப்படியே இருந்தது.

"திருடிட்டானுகளா டீச்சர்?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. மூட்டைமேல் உட்கார்ந்து, தான் அன்று தேர்ந்தெடுத்த உரிமத்தை முதல் தடவையாக முழுசாகப் படித்தாள். மூன்றே பத்தி. எடுக்கலாம், மாற்றலாம், பூட்டி விற்கலாம். எழுதியவர் பெயரையும் இந்த உரிமத்தையும் மட்டும் கூடவே வைக்க வேண்டும். கம்பெனிக் கையேட்டைப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில், எறும்பளவு எழுத்தில், அவள் பெயர் இருந்தது.

"இல்லக்கா. எடுத்துக்கிடச் சொன்னது நான்தான்."

கம்பெனியின் பூட்டில் அவள் கை வைக்கவில்லை. வயர்களைப் பிரித்துத் தன் பழைய பெட்டியில் மாட்டினாள். மத்தியானத்துக்குள் ஃபேன் ஒழுங்காக ஓடியது. இரண்டு மணிக்குக் காய் உலர்ந்துவிட்டதாகப் பெட்டி சொன்னது. கருத்தம்மாள் அடித் தட்டிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளித் தேய்த்துப் பார்த்தாள்.

"இன்னும் மூணு மணி நேரம் ஆகும். மஞ்சு எறங்குற நாள்ல அடித் தட்டு காயாது. உங்க பெட்டி மேல் தட்ட மட்டும் பாத்துப் பேசுது. கம்பெனிப் பெட்டியும் இப்பிடித்தான். நான் கேக்க மாட்டேன்."

மலையில் பனிமூட்டத்துக்கு மஞ்சு என்றுதான் பெயர். எந்தப் பக்கக் காற்றுக்கு எந்தத் தட்டு நனையும், கதவை எப்போது எவ்வளவு திறக்க வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்லச் சூர்யகலா எழுதிக்கொண்டாள். அதையெல்லாம் நிரலில் சேர்க்க மூன்று வாரம் பிடித்தது.

இணையத்தில் போடுவதற்கு முன் மறுபடி மலையேறினாள். இந்தத் தடவை வேறு உரிமம் என்று விளக்கினாள். யாரும் பயன்படுத்தலாம், ஆனால் மாற்றி அடுத்தவருக்குக் கொடுப்பவர் தன் மாற்றத்தையும் திறந்து கொடுக்க வேண்டும்.

"அப்ப நான் சொன்னதையும் யாரும் எடுத்துக்கிடலாம்?"

"ஆமாக்கா."

கருத்தம்மாள் காயைக் கிளறிக்கொண்டே இருந்தாள். "எல்லாம் பெட்டிக்கே தெரிஞ்சுபோச்சுன்னா எனக்கென்ன சோலி டீச்சர்?"

தன் நிரலைச் சூர்யகலா இனாமாகக் கொடுத்தபோது கல்லூரிச் சம்பளம் இருந்தது. அந்த நிரலை நம்பி அவள் வீட்டில் உலை கொதிக்கவில்லை. கொடுத்ததைப் பற்றி உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது. இப்போது அது கூச்சமாக இருந்தது.

"வேணாம்னா நீங்க சொன்னத எடுத்துர்றேன்க்கா. நெசமாத்தான் சொல்றேன்."

"யோசிச்சுச் சொல்றேன்."

ஒரு வாரம் கழித்து போன் வந்தது. "போடுங்க டீச்சர். ஆனா பெட்டி தானா முடிஞ்சதுன்னு நிக்கக்கூடாது. கையில தேச்சுப் பாத்த ஆளு அமுத்துனாத்தான் நிக்கணும்."

"செஞ்சுர்றேன். ஆனா அத வேற யாராவது மாத்தலாம்க்கா. நான் தடுக்க முடியாது."

"மாத்தட்டும். மாத்துனது தெரியுமா?"

"வெளிய குடுத்தா மறைக்க முடியாது."

"அது போதும்."

இரண்டு பேர் பெயரோடும் நிரல் வெளியானது. அந்தச் சரிவில் மூன்று ஸ்டோர்கள் அதற்கு மாறின. மற்றவர்கள் கம்பெனிக்குப் பணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டார்கள். பழுது பார்க்க ஆள் வேண்டுமே. அவர்கள்மேல் சூர்யகலாவுக்குக் கோபமில்லை.

தை மாதத்தில் குவாத்தமாலாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே ஏலக்காய் உலர்த்தும் ஒரு பெண், கதவு பற்றிய கணக்கில் ஒரு திருத்தம் அனுப்பியிருந்தாள். கருத்தம்மாள் எந்தக் கம்பெனியில் என்ஜினீயர் என்றும் கேட்டிருந்தாள்.

சூர்யகலா போனில் வாசித்துக் காட்டினாள்.

"அங்கயும் மஞ்சு எறங்குமா டீச்சர்?"

"எறங்கும் போலக்கா. கேட்டுச் சொல்றேன்."