மூன்று கேமராவும் முப்பது குதியும்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே கட்டுரைக்காரிக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பாட்டு மேசையைத் துடைத்து, ஒரு துண்டை விரித்து, மூன்று டிஎஸ்எல்ஆர் கேமராக்களை வரிசையாக வைத்திருந்தாள். மூன்றும் புத்தம் புதுசு. ஒன்றைத் தூக்கிக் கண்ணில் வைப்பாள், பொத்தானை அமுக்குவாள், 'டக்'கென்று சத்தம் கேட்டதும் தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள், அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பாள். பக்கத்தில் காபி ஆறி ஆடை கட்டிவிட்டது.

கட்டுரைக்காரி என்பது நாத்தனார் கேலியாக வைத்த பெயர். உத்தியோகம் என்னவோ பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசைதான். பல்வலிக்காரர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் நேரத்தில், எந்தக் குடை காற்றில் புரளாது, எந்தப் பள்ளிப் பையின் ஜிப் ஒரு வருஷம் தாங்கும் என்றெல்லாம் ஒப்பிட்டு எழுதி ஒரு பத்திரிகையின் குடும்பப் பக்கத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். அனுப்பிய ஆறில் இரண்டு அச்சிலும் வந்தன. போன வாரம் அந்தப் பக்கத்தின் ஆசிரியையே போனில் கூப்பிட்டுவிட்டார்.

"வீட்டுல பிள்ளைங்களைப் படம் எடுக்கிறவங்களுக்கு எந்தக் கேமரா தோதுன்னு எழுதணும். மூணு அனுப்பறேன். விளம்பரத்துல இருக்கறதைப் பார்த்து எழுதாதீங்க, எடுத்துப் பார்த்து எழுதுங்க. ஞாயிறு சாயந்திரம் ஆறு மணிக்குப் பக்கத்தை முடிச்சாகணும். நல்லா வந்தா வாரா வாரம் உங்களுக்கு ஒரு பத்தி. இல்லேன்னா வேற ஒருத்தர் தயாரா காத்துக்கிட்டிருக்கார்."

வாரா வாரம் ஒரு பத்தி! பத்தியின் தலைப்பிலேயே தன் பெயர்! அன்றைக்கு மருத்துவமனையில் ஒருவரிடம் "எந்தப் பல்லு?" என்று கேட்பதற்குப் பதில் "எந்தக் கேமரா?" என்று கேட்டுவிட்டாள். மனுஷன் வலியையும் மறந்து முழித்தார்.

இந்த வீட்டில் இன்னொரு ஆள் அவளைவிடத் துள்ளிக்கொண்டிருந்தார். கணவர். ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை என்பதால் அவர் பரிசோதனைக்காரர். லேபிள் ஒட்டாத எதையும் நம்பாத ஜாதி. அடுக்களையில் உப்பு டப்பாவில்கூட தேதி போட்டு ஒட்டியிருப்பார். விடிந்ததும் விடியாததுமாகக் கேமராக்களின் நெற்றியில் இருந்த கம்பெனிப் பெயர்களைக் கறுப்பு டேப்பால் மூடி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் ஒட்டிவிட்டார். "பேரு தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாயும்மா" என்றார்.

சோதனைகள் களை கட்டின. முதலில் அடுக்களைத் தராசில் எடை. ஒன்றாம் எண் லென்ஸோடு கிட்டத்தட்ட ஒரு கிலோ, மூன்றாம் எண் அதில் முக்கால்வாசிகூட இல்லை. அடுத்தது ஒரு தோளில் பையும் ஒரு கையில் தண்ணீர் பாட்டிலுமாக நின்று, மிச்சமிருக்கும் கையால் எடுப்பது. அப்புறம் இருட்டான நடைவழியில், ஜன்னலுக்கு எதிர்வெளிச்சத்தில். அதற்கப்புறம், கேமராவைத் தொட்டே பழக்கமில்லாத ஆள் கையில் கொடுத்து ஃபிளாஷை அணைக்கச் சொல்வது. அதற்கு மாடியிலிருந்து நாத்தனார் இறங்கி வந்தாள். எட்டு மாத வயிறு. அடுத்த மாதம் பிறக்கப்போகும் பிள்ளைக்காகக் கேமரா வாங்கியே தீருவது என்று அவளும் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணி, இந்த ரெண்டாம் நம்பர் பட்டனெல்லாம் எறும்புக்குச் செஞ்சதா?" என்று நகத்தால் நோண்டினாள். "மூணு நல்லாயிருக்கு. திரையைத் தொட்டா போதும், சொன்ன பேச்சு கேக்குது. எங்க அண்ணன்கூட ஒருநாளும் இப்படிக் கேட்டதில்ல."

கடைசியாகத்தான் பெரிய சோதனை. குழந்தைகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. வீட்டில் எடுக்கும் படங்களில் பாதி புகைமூட்டமாக வருவது அதனால்தான். கட்டுரையின் உயிரே இங்கேதான் இருக்கிறது என்று கட்டுரைக்காரிக்குத் தெரியும். அதற்கு ஆள் வீட்டிலேயே இருந்தது. ஐந்து வயது மகள். ஓரிடத்தில் உட்காராமல் எகிறிக்கொண்டே இருப்பதால் வீட்டில் அவளுக்கு ரப்பர் என்று பெயர்.

"ரப்பர், இன்னைக்கு சோபாலேருந்து குதிக்கலாம்" என்றாள் அம்மா.

குழந்தை நம்பவில்லை. அப்பாவைப் பார்த்தது. அவரும் தலையாட்டினார். இரண்டு வருஷமாக அடித்தும் திட்டியும் நிறுத்த முடியாத ஒரு குற்றத்துக்குத் திடீரென்று அரசாங்க அனுமதி கிடைத்தால் யாருக்குத்தான் கை கால் பறக்காது! 'ஓ' என்று கத்திக்கொண்டு சோபாவின் கைப்பிடிமேல் ஏறிவிட்டாள். கீழே மெத்தை போட்டார்கள். ஒரு கேமராவுக்குப் பத்துக் குதி. முதலில் ஒன்றாம் எண்ணுக்குப் பத்து, பிறகு இரண்டுக்குப் பத்து, பிறகு மூன்றுக்குப் பத்து. பரிசோதனைக்காரர் கையில் அட்டையும் பேனாவும் வைத்துக்கொண்டு, "நாலு… ம், அடுத்தது… அஞ்சு" என்று எண்ணினார். முப்பதாவது குதி முடிந்ததும் ரப்பர் மெத்தையிலேயே படுத்து, அப்படியே தூங்கிப்போனாள்.

முடிவு பளிச்சென்று இருந்தது. ஒன்றில் ஐந்து படம் தெளிவு, இரண்டில் நாலு, மூன்றில் எட்டு! எடை குறைவு, சொன்ன பேச்சு கேட்கிறது, ஓடும் குழந்தையையும் பிடிக்கிறது. கட்டுரைக்காரி மடமடவென்று எழுதினாள். 'மூன்றாம் எண்ணை யோசிக்காமல் வாங்கலாம்' என்று முடித்து, இரண்டு மணிக்கு அனுப்பியும்விட்டாள். அனுப்பிய கையோடு கண்ணாடி முன்னால் போய் நின்று தன் முகத்தையே ஒருதரம் பார்த்துக்கொண்டாள். நாத்தனார் மூன்றாம் எண்ணின் டேப்பை லேசாகத் தூக்கிப் பெயரைப் பார்த்துக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அண்ணி சொல்லியாச்சு, அப்புறம் என்ன யோசனை? நான் போய் மூணையே வாங்கிட்டு வந்துடறேன்" என்று தன் கணவரோடு கடைக்குக் கிளம்பினாள்.

மூன்றரை மணி இருக்கும். கட்டுரையோடு போட ஒரு படம் வேண்டுமே என்று பரிசோதனைக்காரர் முப்பது படங்களையும் கணினியில் வரிசையாக ஓட்டிக்கொண்டிருந்தார். ஓட்டினவர் நின்றார். பின்னால் போனார். மறுபடி முன்னால் வந்தார்.

"ஏம்மா, இங்க வாயேன். அந்தச் சுவிட்ச் போர்டைப் பாரு."

சோபாவுக்குப் பின்சுவரில் சுவிட்ச் போர்டு இருந்தது. ஒன்றாம் எண் எடுத்த படங்களில் ரப்பரின் தலை சுவிட்ச் போர்டையும் தாண்டி மேலே பறந்தது. முடி நாலு பக்கமும் விரிந்திருந்தது. இரண்டாம் எண்ணில் தலை சுவிட்சுக்கு நேராக இருந்தது. மூன்றாம் எண்ணில் போர்டுக்கு ஒரு சாண் கீழே. கடைசி இரண்டு படங்களில் குழந்தை குதிக்கவே இல்லை, படியிறங்குகிற மாதிரி இறங்கிக்கொண்டிருந்தாள்.

"மூணாம் நம்பர் ஜெயிச்சது கேமராவால இல்ல" என்றார் அவர். முகம் செத்துப்போயிருந்தது. "அதுகிட்ட வரும்போது பிள்ளைக்குக் களைப்பு வந்துடுச்சு. மெதுவா குதிச்சிருக்கா, அதான் படம் தெளிவா இருக்கு. வரிசையா வச்சது என் தப்பு. என் பொழப்புல சாம்பிளுக்குக் களைப்பு வராதும்மா. வச்ச இடத்துல இருக்கும்."

கட்டுரைக்காரி கணினியை விட்டு எழுந்து வாசல் பக்கம் போனாள். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், இதை நாம் இரண்டு பேரும்தானே பார்த்தோம் என்று நினைத்தாள். பத்திரிகையில் யார் சுவிட்ச் போர்டைப் பார்க்கப்போகிறார்கள்? தப்பு என்று இப்போது சொன்னால் அந்த அம்மாள், காத்திருக்கும் ஆளைக் கூப்பிட்டுவிடுவார். பத்தி போயிற்று.

அப்போதுதான் நாத்தனாரின் செருப்பில்லாத வாசல் கண்ணில் பட்டது. பாய்ந்து போனை எடுத்தாள். மணி அடித்தது, அடித்தது, எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்தாள்.

"பில் போட்டுட்டியா?"

"போட்டுக்கிட்டிருக்காங்க அண்ணி. என்னாச்சு, மூச்சு வாங்குது?"

"போடாத! நிறுத்தச் சொல்லு! நான் சொன்னது தப்பு."

எதிர்முனையில் நாத்தனார் கடைக்காரரிடம் எதையோ சொல்லும் சத்தம் கேட்டது. "சரி, நிறுத்தியாச்சு. இங்க ஏசி இருக்கு, நாற்காலி இருக்கு, கடைக்காரர் என் வயித்தைப் பார்த்துப் பயந்துபோய் ஜூஸ் வேற வாங்கிக் குடுத்திருக்கார். நீங்க சரியா சொல்ற வரைக்கும் நான் எழுந்திரிக்கறதா இல்ல."

இவளுக்கு உண்மையைச் சொல்லிவிட்டு, முகம் தெரியாத ஆயிரம் பேரை மட்டும் மூன்றாம் எண்ணை வாங்கவைப்பதா? கட்டுரைக்காரி மனசு மாறுவதற்குள் ஆசிரியையை அழைத்தாள்.

"மேடம், நான் அனுப்பின முடிவு தப்பு. திரும்ப எடுத்துப் பார்க்கணும்."

"நாலு மணி ஆகப்போகுது" என்றார் ஆசிரியை. "ஆறுக்கு வரலேன்னா அந்த இடத்துல வேற ஒண்ணைப் போட்டு முடிச்சுடுவேன். அப்புறம் என்கிட்ட வருத்தப்படக் கூடாது." போனை வைத்துவிட்டார்.

இருவருமாகப் போய் ரப்பரை எழுப்பினார்கள். "கண்ணு, இன்னொரு தடவை குதிக்கறியா?" தூக்கக் கலக்கத்தில் இருந்த குழந்தைக்குக் கண் முட்டை மாதிரி விரிந்தது. "நிஜமாவா? மறுபடியுமா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஓடினாள். ஒரே நாளில் இரண்டு தடவை! அவள் வாழ்க்கையில் இதுவரை இப்படி ஒரு நாள் வந்ததில்லை.

இந்தத் தடவை ஒரு குதிக்கு ஒரு கேமரா. ஒன்று, மூன்று, இரண்டு, பிறகு மூன்று, இரண்டு, ஒன்று என்று மாற்றி மாற்றி. பரிசோதனைக்காரர் ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கினார். கட்டுரைக்காரி முழங்காலிட்டு, கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டினாள். "குடுங்க! அடுத்தது! குடுங்கன்னா!" மூன்று பேருக்கும் வியர்த்து ஊற்றியது. வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது, ஆனால் மூன்று கேமராவுக்கும் ஒரே மாதிரி மங்கியது. களைப்பு வந்தாலும் இனி மூன்றுக்கும் பொதுவாகத்தான் வரும்.

முப்பதாவது குதி ஒன்றாம் எண்ணுக்கு. "இதான் கடைசி" என்று அப்பா வாய் தவறிச் சொல்லிவிட்டார். கடைசி என்று கேட்டதும் ரப்பருக்கு எங்கிருந்துதான் வேகம் வந்ததோ, கைப்பிடியில் நின்றபடி ஓங்கி ஒரு உதை உதைத்து எழும்பினாள். 'மடக்'கென்றது சோபாவின் கால். குழந்தை சுவிட்ச் போர்டுக்கு மேலே; சோபா ஒரு பக்கமாகச் சாய்ந்து கீழே; 'டக்'கென்றது கேமரா. ரப்பர் மெத்தையில் விழுந்து உருண்டு எழுந்து, "உடைஞ்சிடுச்சா?" என்று ஆசையாகக் கேட்டாள். ஒரு கீறல் இல்லை.

கணினியில் பார்த்தார்கள். ஒன்றில் எட்டு தெளிவு, இரண்டில் ஐந்து, மூன்றில் மூன்று. அந்தக் கடைசிப் படத்தில் காற்றில் நின்ற ஒவ்வொரு முடியும், முன்பல் விழுந்த இடைவெளியும், பின்னால் சாயும் சோபாவும் கத்தி மாதிரி தெளிவாக இருந்தன. கட்டுரைக்காரிக்கு அழுகை வந்துவிட்டது. ஐந்து வருஷமாக இந்தப் பெண்ணை ஆயிரம் படம் எடுத்திருக்கிறாள். இவள் உண்மையிலேயே இப்படித்தான் இருக்கிறாள் என்று காட்டிய படம் இதுதான் முதல்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். முதல் வரி இப்படி வந்தது: 'இந்தச் சோதனையை நாங்கள் முதல் தடவை தப்பாகச் செய்தோம்.' சுவிட்ச் போர்டையும் களைத்துப்போன குழந்தையையும் மறைக்காமல் எழுதினாள். தொட்டுத் தொட்டு இயக்கச் சுலபம் மூன்று, கனமானாலும் ஓடுகிற பிள்ளையைப் பிடிப்பது ஒன்று, வீட்டில் ஓடுகிற பிள்ளை இருந்தால் ஒன்றை வாங்குங்கள் என்று முடித்தாள். ஐந்து ஐம்பத்திரண்டுக்குக் கட்டுரையும் படமும் போய்ச் சேர்ந்தன.

கடையில் உட்கார்ந்திருந்தவளுக்கும் ஒன்றாம் எண்ணின் கம்பெனிப் பெயரைச் சொன்னாள். "கனமா இருக்குமே அண்ணி?" என்று இழுத்தாள் நாத்தனார்.

"பிள்ளை அதைவிடக் கனமா இருக்கும். பழகிக்கோ."

ஆறு பத்துக்குப் போன் அடித்தது. கட்டுரைக்காரி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். கணவர்தான் எடுத்து அவள் காதில் வைத்தார்.

"இருபது வருஷமா இந்த வேலை பாக்கறேன்" என்றார் ஆசிரியை. "அச்சுல வந்தப்புறம் தப்புன்னு ஒத்துக்கிட்டவங்களே கம்மி. அச்சுக்கு முன்னால கூப்பிட்டுத் தப்புன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். படம் முதல் பக்கத்துக்குப் போகுது. பத்தி உங்களுக்குத்தான். அடுத்த வாரம் எதை ஒப்பிடப் போறீங்க, இப்பவே சொல்லுங்க."

கட்டுரைக்காரி திரும்பிப் பார்த்தாள். பரிசோதனைக்காரர் ஒடிந்த காலைக் கையில் பிடித்து, அதில் தேதி போட்டு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"சோபா மேடம்" என்றாள். "குழந்தைங்க இருக்கற வீட்டுக்கு எந்தச் சோபா தாங்கும்னு."

மெத்தைமேல் உட்கார்ந்திருந்த ரப்பர் துள்ளி எழுந்தாள். "அம்மா! அதுக்கும் நான்தானே குதிக்கணும்?"