குடைக்காரிக்குப் பின்னால்

கடைக் கண்ணாடிக்கு வெளியே ஒரு பெண் நெடுநேரமாக நின்றுகொண்டிருந்தாள். உள்ளே, அடையாள அட்டைப் படங்களை நான்கு நான்காக வெட்டிக்கொண்டிருந்த படக்காரரின் மனைவி கத்தரியை நிறுத்தினாள்.

"ஏங்க, உங்க குடைக்காரி படத்துக்கு இன்னொரு ரசிகை வந்தாச்சு. கண்ணாடியை உடைச்சிக்கிட்டுப் பூந்துடுவா போல."

"பாக்கட்டும். பாக்கத்தானே மாட்டியிருக்கு."

"என் படத்தை மட்டும் ஒருத்தரும் இப்படி நின்னு பாத்ததில்ல."

"நீ கேமராவைக் கண்டா போலீசைக் கண்ட மாதிரி முழிக்கிற. நான் என்ன பண்றது?"

அவள் மட்டுமா? கடைக்குள் வந்து அந்த முக்காலியில் உட்கார்ந்தால் எல்லோருமே அப்படித்தான். தாடையைத் தூக்கி, மூச்சைப் பிடித்து, தங்கள் வீட்டு ஆட்களுக்கே தெரியாத வேறொருவராக மாறிவிடுவார்கள். நாள் முழுக்க அந்த விறைத்த முகங்களைப் பார்த்துச் சலித்துத்தான் படக்காரர் மத்தியான வேளைகளில் கடையை மனைவியிடம் விட்டுவிட்டுத் தெருவில் இறங்கினார். தெருவில் யாரும் யாருக்காகவும் முகத்தை மாட்டிக்கொள்வதில்லை. ஆனால் கேமராவைக் கண்ணருகே தூக்கினால் போதும், மொத்தத் தெருவும் முக்காலியில் ஏறி உட்கார்ந்துவிடும். தெரியாமல் எடுக்க வேண்டும். அதற்குக் கைக்கு ஒரு வித்தை உண்டு, கண்ணுக்கு ஒரு வித்தை உண்டு.

கை வித்தை எளிது. கேமரா நெஞ்சுக்கு நேரே வாரில் தொங்கும். லென்ஸை நாலு எட்டு தூரத்துக்கு முன்கூட்டியே திருப்பி வைத்துவிட வேண்டும். உள்ளே வெளிச்சம் நுழையும் துவாரத்தைச் சுருக்கிவிட்டால், அந்த நாலு எட்டுக்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் இருப்பதெல்லாம் துல்லியமாக விழும். அதற்கும் அப்பால் இருப்பது லேசாகக் கலங்கித் தெரியும், அவ்வளவுதான். ஆள் அந்த எல்லைக்குள் வந்ததும் கட்டைவிரல் அழுத்தும். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

கண் வித்தைதான் கடினம். மனிதர்கள் நம் கையைக் கவனிப்பதில்லை, கண்ணைத்தான் கவனிக்கிறார்கள். தன்மேல் விழும் பார்வையை முதுகுகூட அறியும். அதனால் படம் எடுக்கப்படுகிறவரை ஒருபோதும் பார்க்கக் கூடாது. அவருடைய தோளுக்கு மேலாக, பின்னால் இருக்கும் யாரோ ஒருவரை, தெரிந்தவரைப் பார்ப்பதுபோல விடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முன்னால் இருப்பவர், 'இந்த ஆள் நம்மைப் பார்க்கவில்லை' என்று தன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்வார். ஆனால் பின்னால் இருப்பவரை உண்மையாகவே பார்த்துவிட்டால் மனம் அங்கே போய்விடும், விரல் பிந்திவிடும். கண் அங்கே, மனம் விரலில். பார்வை இருக்கும், பார்க்கிறவர் இருக்க மாட்டார். இதைப் பழகப் படக்காரருக்குப் பல வருடங்கள் ஆயின. பேருந்து நிலையத்தில் அவருக்குக் 'கள்ளக்கண்ணு' என்று பெயர். வைத்தவள் குடை ரிப்பேர் செய்கிறவள்.

"யோவ் கள்ளக்கண்ணு, இன்னிக்கு எவன் மாட்டினான்?" என்பாள், வாயில் கம்பியைக் கடித்தபடியே. அவளே மாட்டிய நாள் அவளுக்குத் தெரியாது. கண்ணாடிக்குள் தொங்கும் பெரிய படம் அதுதான். மடியில் எலும்பு துருத்திய குடை, பல்லிடுக்கில் கம்பி, யாரோ சொன்ன எதற்கோ தலையைச் சாய்த்து ஒரு சிரிப்பு. பின்னால், சற்றுக் கலங்கலாக, ஒரு பெஞ்சு. அதில் ஒரு பெரியவர் வலது கையைத் தூக்கி அசைத்துக்கொண்டிருந்தார்.

அன்று வரிசையாக ஏழெட்டுப் படங்கள் எடுத்திருந்தார். குடைக்காரியின் சிரிப்பு எல்லாவற்றிலும் நன்றாகவே இருந்தது. இதை மட்டும் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அந்தக் கை. மேல் மூலை காலியாக இருந்தால் படம் ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி இருக்கும். கை அந்த மூலையைப் பிடித்து நிறுத்தியது. "பாரு, கடவுளாப் பாத்து வச்ச கை" என்று அவர் மனைவியிடம் பெருமையடித்ததும் உண்டு.

அந்தப் பெண் உள்ளே வந்தாள். கையில் மதிய உணவுப் பை. வேலைக்குப் போகிற வழியிலோ திரும்புகிற வழியிலோ இறங்கியவள் போலிருந்தாள்.

"சார், அந்தக் குடைப் படம் நீங்க எடுத்ததா?"

"ஆமாம்மா. பிடிச்சிருக்கா?"

"பின்னாடி உக்காந்திருக்கிறது எங்கப்பா." குரல் உடைந்தது. ஆனால் அவள் சிரிக்கவும் செய்தாள். "பஸ்ல போகும்போது பாத்தேன். கலங்கலாத்தான் இருக்கு. இருந்தாலும் அப்பாவைத் தெரியாமப் போகுமா? அடுத்த ஸ்டாப்புல இறங்கி ஓடி வந்தேன்."

படக்காரரின் மனைவி பெஞ்சைத் துடைத்துவிட்டாள். "உக்காரும்மா. அப்பா நல்லா இருக்காரா?"

"அந்த பெஞ்சுல அவரு உக்காந்தது ஒரே ஒரு நாள்தான்க்கா. அன்னிக்குத்தான் போயிட்டாரு. அதே பெஞ்சுல. கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறதா இருந்தேன். எனக்கு வேலையில லேட்டாயிடுச்சு. போன்ல, 'அங்கேயே உக்காருங்கப்பா, நகராதீங்க'ன்னு சொன்னேன். நகரவே இல்ல. நான் போய்ச் சேரும்போது தூங்குற மாதிரி சாஞ்சிருந்தாரு. சுத்தி அத்தனை பேரு. எல்லாரும் தூங்குறாருன்னு நெனச்சாங்களாம். நெஞ்சுவலின்னு டாக்டர் சொன்னாரு." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "தனியா செத்துட்டாரேன்னுதான் சார் இத்தனை நாளா தூக்கமே இல்ல. இப்போ இந்தப் படத்தைப் பாத்ததும் என்னமோ ஒரு நிம்மதி. அவரு நேரா உங்களைத்தான் பாக்குறாரு, கை காட்டுறாரு. உங்களுக்குத் தெரிஞ்சவரா சார்? கடைசியா அவர்கிட்ட பேசினது நீங்களா?"

படக்காரருக்கு மீதிப் படங்கள் ஒவ்வொன்றாக நினைவில் விரிந்தன. இதற்கு அடுத்ததில் கை பாதி இறங்கியிருந்தது. அதற்கடுத்ததில் நெஞ்சில் இருந்தது. கடைசியில் தலை தூணில் சாய்ந்திருந்தது. மூலை காலியாகிவிட்டது என்று அவற்றை ஒதுக்கியிருந்தார். பிறகு ஒரு பேருந்து வந்து வெயிலை மறைத்தது. அவர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

அத்தனை நேரமும் அவர் கண் அந்தப் பெரியவர் மீதுதான் இருந்தது. கூட்டத்தில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்காதபோது, எதிரே ஒரு மனிதர் மட்டும் இமைக்காமல் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். வேறு யாரைக் கூப்பிட்டிருப்பார்?

"தெரியும்மா" என்றார் படக்காரர்.

மனைவி நிமிர்ந்தாள். அவருக்குத் தெரிந்த மனிதர்களில் அவளுக்குத் தெரியாதவர் எவருமில்லை.

"எனக்கு அப்பவே தோணுச்சு!" அந்தப் பெண்ணின் முகத்தில் வெளிச்சம் வந்து போனது. "என்ன சொன்னாரு சார்? என்னைப் பத்தி ஏதாவது?"

"மக வரப்போறான்னு…"

"நீங்க பக்கத்துல போய் உக்காந்தீங்களா?"

படக்காரர் வெட்டிவைத்திருந்த அட்டைப் படங்களை அடுக்கத் தொடங்கினார்.

"கூப்பிடுற மாதிரி இருக்கே சார் அந்தக் கை. தெரிஞ்சவர் கூப்பிட்டா நாம போவோம்ல?" அவள் குற்றம் சாட்டவில்லை. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள், அவ்வளவுதான். அதனால்தான் தாங்க முடியவில்லை. தெரிந்தவர் என்றால், கூப்பிட்டும் போகாதவர். தெரியாதவர் என்றால், அந்தப் பெரியவர் மறுபடியும் தனியாகப் போய்ச் சேர வேண்டும்.

"ஏங்க," என்றாள் மனைவி தாழ்ந்த குரலில், "அந்தப் பிள்ளைகிட்ட இருக்கிறதைச் சொல்லிடுங்க."

படக்காரர் சொன்னார். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியாமல், கற்றுக்கொடுப்பதுபோலச் சொன்னார். லென்ஸை எப்படித் திருப்பி வைப்பது, விரல் எப்போது அழுத்தும், கண் எங்கே நிற்கும். "அவரைப் பாத்துக்கிட்டுத்தாம்மா இருந்தேன். ஆனா பாக்கல." சொல்லி முடித்ததும் அது பொய்யைவிடப் பெரிய பொய்யாக அவர் காதுக்கே கேட்டது.

அந்தப் பெண் கண்ணாடிப் பக்கம் திரும்பிப் படத்தின் முதுகைப் பார்த்தாள். பிறகு, "புரியல சார். ஒரு தடவை செஞ்சு காட்டுங்க" என்றாள்.

"எதுக்கும்மா இதெல்லாம்?" என்றாள் மனைவி.

"இல்லக்கா. அப்பா கண்ணுக்கு அது எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்."

படக்காரர் வாரைக் கழுத்தில் மாட்டினார். மனைவி இருவருக்கும் நடுவில் நின்றாள். அவளுடைய தோளுக்கு மேலாக அவர் பார்வையைச் சுவரோரப் பெஞ்சில் நிறுத்தினார். அந்தப் பெண் பையை மடியில் வைத்து, முதுகை நிமிர்த்தி, அந்தப் பார்வைக்கு நேராக முகத்தைக் கொடுத்தாள். அந்த முகம் மெல்ல மெல்ல மாறியது. முதலில் எதிர்பார்ப்பு. பிறகு, 'என்னைத்தானே?' என்பதுபோல ஒரு சிறு தலையசைப்பு. பிறகு உதடு துடித்தது. அவர் விரல் அழுத்தும் இடத்திலேயே இருந்தது. மனதை அங்கே வைக்க எவ்வளவோ முயன்றார். முடியவில்லை.

"போதும்மா" என்றார்.

அவள் எழுந்திருக்கவில்லை. அப்படியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனைவிதான் நகர்ந்தாள். கண்ணாடிப் பக்கம் போய்ப் படத்தின் கொக்கியைக் கழற்றி, முகம் உள்பக்கமாக இருக்கும்படி சுவரில் சாய்த்து வைத்தாள். படம் மறைத்திருந்த இடம் திறந்தது. தெரு தெரிந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஒருவர் நின்று, நெற்றிக்குக் கைகொடுத்து, உள்ளே எட்டிப் பார்த்தார். கழுத்தில் கேமராவோடு ஒருவர், பெஞ்சில் ஒருத்தி, சுவரோரமாக ஒருத்தி. ஏதோ படம் எடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.