சிவப்புக் குடை

பதுளையில் என் வீட்டு வகுப்பில் ஒரு பழைய நாவலை நடத்திக்கொண்டிருந்தேன்.

"நாயகி ஏன் எப்பவும் சிவப்புக் குடையே பிடிக்கிறா, சேர்?" என்றாள் தர்ஷிகா.

"மழை பெய்யுது, பிடிக்கிறா."

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி நிரஞ்சலா இருந்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பாள். அந்தச் சிவப்பு நிறம்தான் நாயகியின் கோபம் என்பது அவள் கட்சி. வெறும் சாயம் என்பது என் கட்சி.

வகுப்பு முடியும்போது மழை பிடித்துக்கொண்டது. தர்ஷிகா தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கதவுக்குப் பின்னால், நிரஞ்சலா இறந்ததிலிருந்து யாரும் தொடாத அவளுடைய குடை தொங்கியது. எடுத்துக் கொடுத்தேன்.

"ஐயோ, இதுவும் சிவப்பு! இதுக்கு அர்த்தம் இருக்கா, சேர்?"

"வெறும் குடைதாம்மா. ஓடு, பஸ் போயிரும்."

சரிவில் குடை சிறுத்துக்கொண்டே போனது.

"நாளைக்குக் கட்டாயம் கொண்டு வா!" என்று கத்தினேன். வெறும் சாயத்துக்காக யாரும் அப்படிக் கத்த மாட்டார்கள்.