கோயில் பனையில் கட்டிய கம்பி

தங்கச்சாமி அண்ணாச்சியின் படம் இரண்டு இடங்களில் இருந்தது. கோயில் அலுவலகச் சுவரில் ‘தர்மகர்த்தா’ என்ற எழுத்துக்கு மேலே ஒன்று. அவருடைய பட்டாசுக் கம்பெனி லேபிளில், தலையில் கிரீடத்தோடு மற்றொன்று. கிரீடத்தை அச்சாபீஸ்காரர் தாமாகச் சேர்த்துவிட்டார் என்று அண்ணாச்சி சொல்லுவார். அச்சாபீஸ்காரர் வேறு மாதிரி சொல்லுவார். ஒரு கட்டுப் பட்டாசில் பத்து வெடிக்கு மூன்று புஸ்ஸென்று போகும். கிரீடம் மட்டும் எந்தக் கட்டிலும் மங்கியதில்லை.

பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டிவிட்டால் எட்டு நாளைக்கு எங்கள் ஊரில் கறி கிடையாது. இரவில் ஊர் எல்லைக்கு வெளியே தங்கவும் கூடாது. போன வருஷம், மாமியாருக்குச் சீக்கு என்று கோவில்பட்டியில் ஓர் இரவு தங்கிவிட்ட பெத்தணனை, நூற்றியொரு குடம் தண்ணீர் சுமந்து கோயிலைக் கழுவ வைத்தார் அண்ணாச்சி. அன்றைக்கு அவர் பேசிய தர்மத்தைப் பெத்தணனின் தோள்பட்டை இன்னும் மறக்கவில்லை.

இந்த வருஷம், அதாவது ஐம்பத்தெட்டில், காப்புக் கட்டின அதே வாரத்தில் சுந்தரபாண்டிக்கு உயரம் தேவைப்பட்டது.

சுந்தரபாண்டி பர்மாச் சண்டையில் பட்டாளத்து ஒயர்லெஸ் பார்த்துவிட்டு வந்து, மிளகாய் விவசாயம் செய்கிறவன். டில்லியில் லைசென்ஸ் வாங்கி, கார் பேட்டரியில் ஓடும் பழைய பட்டாளத்துப் பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு, தன்னைப் போன்ற கிறுக்கர்களோடு ஆகாயத்தில் பேசுவது அவன் பொழுதுபோக்கு. வீட்டு முகட்டுக்கும் வேப்பமரத்துக்கும் இடையே இருபதடி உயரத்தில் அவன் கட்டியிருந்த ஏரியல் கம்பியில் அவன் மனைவி ராமுத்தாய் சேலை காயப்போடாத நாட்களில், மதுரைவரை பேச்சு நன்றாகப் போகும்.

ஆனால் அவன் பேச விரும்பியது பினாங்கில் இருந்த லட்சுமிகாந்தத்தோடு. பட்டாளத்தில் ஒரே கூடாரம். அவன் குரல் ஞாயிறு சாயங்காலங்களில் கொசுபோலக் கேட்கும். இவன் குரல் அங்கே போய்ச் சேராது. இப்போது கடிதம் வந்துவிட்டது: வருகிற ஞாயிறுதான் கடைசி, பெட்டியை விற்றுவிட்டு லண்டனுக்குக் கப்பல் ஏறுகிறேன்.

அறுபதடி உயரம் கிடைத்தால் எட்டிவிடலாம். அந்த உயரத்தில் ஊரில் இருந்தவை கோயில் பனைகள் இரண்டுதான். வியாழக்கிழமை அனுமதி கேட்டதும் அண்ணாச்சி மனம் குளிர்ந்து போனார்.

“தாராளமாக் கட்டு. மரத்துல நம்ம பேரை எழுதி ஒரு போர்டும் வச்சிரு.”

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் அச்சங்குளத்துக் கம்பெனியில் லோடு ஏற்றவேண்டும் என்று பிளசர் காரில் போனார். பொழுதடையுமுன் திரும்பிவிட்டதாக மறுநாள் தாமாகவே நாலு பேரிடம் சொன்னார். யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை, பனையில் சங்கிலிமுத்து ஏறிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி மேற்பார்வைக்கு வந்தார்.

“இதுல எம்புட்டுத் தூரம் கேக்கும்?”

“இப்பவே மதுரை கணீர்னு கேக்குது அண்ணாச்சி,” என்றான் சுந்தரபாண்டி உற்சாகமாக. “அங்கன ஒரு பல் டாக்டரு இருக்காரு. நேத்து ராத்திரிகூடப் பேசுனோம். சன்னலைத் தொறந்து வச்சுக்கிட்டுத்தான் பேசுவாரு. எதுத்த ஓட்டல்ல ‘ரெண்டு சுக்கா’ன்னு கத்துறதுகூட நமக்குக் கேக்கும்.”

அண்ணாச்சி பனையை அண்ணாந்து பார்த்தார். பிறகு, “சங்கிலிமுத்து, எறங்குலே!” என்றார்.

ஞாயிறு காலை கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்.

“எல்லை தாண்டக் கூடாதுன்னு காப்புக் கட்டியிருக்கோம். இவன் குரலு எல்லை தாண்டுதே, அது தெய்வ குத்தமில்லையா? உசரம் கூடக் கூடத் தூரம் கூடும். கம்பியைப் பத்தடிக்கு எறக்கணும்.”

“வியாழக்கிழமை அறுபதுக்குச் சரின்னீகளே?” என்றான் பெத்தணன்.

“அதுக்குப் பெறகு யோசிச்சேன்.”

“சாத்தூரு வரைக்கும் கேக்கலாமா அண்ணாச்சி?” என்றான் அவனே.

“கேக்கட்டும்.”

“விருதுநகரு?”

“தாராளமா.”

“காரியாபட்டி?”

“அதுவரைக்கும் போகட்டும்.”

“அதுக்கு அங்கிட்டு?”

“அங்கிட்டு எதுக்குப்பா?”

காரியாபட்டிக்கு அங்கிட்டு, மதுரை ரோட்டில், என்ன ஊர் வருகிறது என்று கூட்டம் மொத்தமும் மனத்துக்குள் பஸ் ஏறிப் பார்த்தது. ராமுத்தாய் மட்டும் அவர் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி, காப்புக் கயித்துல என்ன எண்ணெய்?”

“கோயில் வெளக்கு ஏத்தினேன்.”

“கோயில் எண்ணெய்க்கு மசாலா வேற போடுதாகளா?”

அண்ணாச்சி துண்டை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். “பத்தடி. அம்புட்டுத்தான்!”

சுந்தரபாண்டிக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. சாயங்காலம் லட்சுமிகாந்தம் போய்விடுவான் என்பது ஒன்றே அவனுக்குத் தெரிந்தது. தாழ்ந்த குரலில் கெஞ்சினான்.

“அண்ணாச்சி, நீங்க தப்பா வெளங்கிக்கிட்டீக. கம்பி கீழ இருந்தா பேச்சு நேரா மேல போயி, ஆகாயத்துல முட்டி, பக்கத்து ஊர்ல எறங்கும். மதுரையெல்லாம் அப்படித்தான் கேக்குது. அறுபதடிக்கு ஏத்துனா சரிஞ்சு தூரமாப் போயிரும். மதுரையைத் தாண்டிரும். நமக்கும் அந்தப் பக்கத்துச் சத்தம் மங்கிப் போகும்.”

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மதுரை கேக்காதா?”

“கேட்டாலும் ஈனசுரமாத்தான்.”

“சாமி காரியமா யோசிச்சா…” என்று தொண்டையைச் செருமினார் அண்ணாச்சி. “அறுபதடி போதுமாப்பா? கம்பெனியில நீளமாச் சவுக்குக் கம்பு கெடக்கு. பனை உச்சியில வச்சுக் கட்டுனா எம்பதாயிரும்.”

“எல்லை தாண்டுறது தெய்வ குத்தம்னீகளே?” என்றான் பெத்தணன்.

“பக்கத்துல எறங்குனாத்தாம்ல குத்தம்!”

மத்தியானத்துக்குள் கம்பெனி லாரியில் கம்பு வந்து இறங்கியது. கயிறு, ஆள், மோர் எல்லாம் தர்மகர்த்தா உபயம். சவுக்கைக் கட்டும்போது, கீழிருந்து “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று கத்தியவர் அவர்தான்.

கோயில் மண்டபத்துக்குத் தூக்கி வந்திருந்த பெட்டி ஐந்தரைக்கு உறுமியது. இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“பாண்டி! ஏலே பாண்டி! நீதானா? நல்லாக் கேக்குதுலே!”

பதினெட்டு மாதம் கூப்பிட்ட சுந்தரபாண்டிக்கு, கேட்கிறது என்றதும் சொல்ல ஒன்றுமில்லாமல் போயிற்று. “சாப்பிட்டியா?” என்றான் கடைசியில்.

“இப்பத்தான்லே. ஊர்ல என்ன விசேசம்?”

சுந்தரபாண்டி வாயெடுக்குமுன் பெத்தணன் அவன் தோளுக்கு மேலாக மைக்கை நோக்கிக் குனிந்தான். வெளியே பனையடியில், பெத்தணன் வீட்டுப் பித்தளைக் குடம் ஒன்று யாரையோ எதிர்பார்த்து வாய் திறந்து நின்றது.

அண்ணாச்சி சுந்தரபாண்டியின் காதருகே வந்து, மணிக்கட்டுத் துண்டை இறுக்கிக்கொண்டு, மெல்லக் கேட்டார்:

“பாண்டி, பினாங்குல மதுரைக்காரக யாரும் இருக்காகளா?”