பதில்: எவருமில்லை

சட்டமன்ற உறுப்பினரின் உதவியாளருக்கு சட்டமன்றக் கட்டிடம் முழுவதும் ‘கமா’ என்றுதான் பெயர். அமைச்சருக்கு எழுத்துக் கேள்வி ஒன்றை அனுப்புமுன் ஒரு கமாகூட விடாமல் ஏழு தடவை படித்துப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் கையில்தான் பிழை நேர்ந்தது.

தண்ணீர் வாரியத்தின் தொட்டியைக் கழுவ இறங்கிய ஒருவர் மூச்சுமுட்டி இறந்தார். வீட்டில் மயங்கி விழுந்ததாக வாரியம் சாதித்தது. துணி தேய்த்துப் பிழைக்கும் அவர் மனைவி உறுப்பினரிடம் கேட்டது ஒன்றே: “அவர் அங்கதான் செத்தார்னு அரசாங்கம் ஒரு தாள்ல சொல்லணும்.”

கமா எழுதினார்: ‘கடந்த மூன்றாண்டுகளில் தொட்டி கழுவும்போது இறந்த வாரியப் பணியாளர்கள் எத்தனை பேர்?’ உறுப்பினர் கையெழுத்திட்டார். நாற்பது நாள் கழித்துப் பதில் அச்சாகி வந்தது: ‘எவருமில்லை.’

பொய்யும் இல்லை. இறந்தவர் ஒப்பந்தக்காரரின் ஆள். ‘வாரியப் பணியாளர்கள்’ என்று எழுதி கமாவே கதவைத் திறந்து வைத்திருந்தார். அமைச்சர் அதன் வழியே நடந்து போய்விட்டார்.

“யானைக்கும் அடி சறுக்கும்யா. திருத்தி இன்னொண்ணு அனுப்பு” என்றார் உறுப்பினர்.

“ஒரு கூட்டத்தொடர்ல பதில் வந்த விஷயத்தை அதே தொடர்ல மறுபடி கேக்க விடமாட்டாங்க ஐயா.”

அடுத்த கூட்டத்தொடரில் ஓட்டையில்லாமல் கேட்டார்கள். ‘தகவல் திரட்டப்படுகிறது’ என்று வந்தது. திரட்டி முடிவதற்குள் தேர்தலுக்காக அவை கலைந்தது. அவை கலைந்தால் பதில் வராத கேள்விகளும் காலாவதி. உறுப்பினருக்கு இம்முறை கட்சியில் சீட்டும் கிடைக்கவில்லை.

இறந்தவரின் மனைவியுடைய தேய்ப்புக் கடைக்கே கமா போனார்.

“வாங்கண்ணே. பதில் வந்துச்சா?”

“கேள்வியே செத்துப்போச்சும்மா.”

அவள் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “அதுவும் வீட்லதான் மயங்கி விழுந்துச்சாமா?”

அவரால் சிரிக்க முடியவில்லை. “மொதக் கேள்வியில தப்பு பண்ணது நான்தாம்மா. ஒரே ஒரு வார்த்தை.”

அவள் துணி மூட்டையை இறக்கி ஸ்டூலைக் காலி செய்தாள். “உக்காருங்க. வேகாத வெயில்ல நடந்து வந்திருக்கீங்க.” தண்ணீர் கொடுத்தாள்.

குடித்துவிட்டு, பையிலிருந்து கேள்விப் படிவம் ஒன்றை எடுத்தார். கடைசியாக மிஞ்சியது.

“அன்னைக்கு என்ன நடந்துச்சும்மா? மொதல்லேர்ந்து சொல்லுங்க.”

“எதுக்குண்ணே? யார் பதில் சொல்லப்போறா?”

“நீங்கதான்.”

“இத்தனை நாள்ல எங்கிட்ட யாரும் இதைக் கேக்கவே இல்லண்ணே” என்றாள். குரல் இறங்கியது. “ஆறரைக்குக் கெளம்பினாரு. நீலச் சட்டை. காலர் மடிப்பு நிக்கல. சாயந்திரம் வாங்க, தேச்சுத் தர்றேன்னேன்...”

அந்தத் தாள் எந்த அவையிலும் வைக்கப்படாது என்று இருவருக்கும் தெரியும். கடவுளாவது படிப்பார் என்று கமா நம்பினார். அவள் சொல்லச் சொல்ல, ஒரு வார்த்தையையும் திருத்தாமல் எழுதிக்கொண்டே போனார். பதிலுக்கென்று விட்டிருந்த இடம் போதவில்லை, தாளைத் திருப்பினார்.