அக்னஸ் அழித்த பொங்கல் வாழ்த்து

1

இந்தக் கதை என் திமிரிலிருந்து பிறந்தது. நான் கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவன். திருவிடைமருதூரில் எங்கள் தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பொங்கலன்று அதில் எதிர்வீட்டு அக்னஸ் அனுப்பியது:

“அனுராதா வீட்டிற்க்கு இனிய பொங்கள் நல் வாழ்த்துக்கள்!!!!”

கை சும்மா இருக்குமா? வீட்டிற்கு, பொங்கல், நல்வாழ்த்துகள்*, ஆச்சரியக்குறி ஒன்று போதும் என்று எல்லோரும் பார்க்கப் பதில் போட்டேன். பத்தே நிமிடத்தில் அக்னஸ் அதை அழித்துவிட்டார்.

(*இதில் ‘க்’ வருமா வராதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அப்படியொரு சண்டை இருப்பதை மட்டும் நான் குழுவில் சொல்லவில்லை.)

2

இந்தக் கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்: “அக்னஸ் கிறிஸ்தவர். துக்க வீட்டுக்கு ஒரு வருடம் யாரும் பண்டிகை வாழ்த்துச் சொல்வதில்லை என்பது தெரியாமல் அவர்...”

பொய். அடித்துவிட்டேன். ஐப்பசியில் அனுராதாவின் கணவர் பஞ்சநதம் இறந்தபோது மூன்று நாளும் அந்த வீட்டுக்குச் சமைத்துக் கொண்டுபோனவர் அக்னஸ். தெரிந்தேதான் அனுப்பியிருக்கிறார். எழுத்தைப் பார்த்த நான் யாருக்கு என்று பார்க்கவில்லை.

3

மாட்டுப் பொங்கலன்று அனுராதா என் வாசலுக்கு வந்தார்.

“அக்னஸ் அனுப்புனதுல என்ன சார் தப்பு?”

“எழுத்துப் பிழைங்க. பொதுவாத்தான் சொன்னேன்...”

“இந்த வருஷம் எங்க வீட்டுக்கு யாருமே வாழ்த்து சொல்லல. சொல்லக்கூடாதுதான். அவ ஒருத்திதான் சொன்னா. நான் பதில் போடறதுக்குள்ள அழிக்க வெச்சிட்டீங்களே. இப்ப என் மூஞ்சியப் பாக்கவே கூசுறா.”

எனக்கு வெட்கமாக இருந்தது. [இங்கே ஓர் உவமை வர வேண்டும். வரவில்லை.]

4

முடிவு ஒன்று: அக்னஸ் சிரித்து மன்னிக்கிறார். தித்திப்பு அதிகம்.

முடிவு இரண்டு: அனுராதாவுக்கு நானே வாழ்த்து அனுப்புகிறேன். அந்தத் தைரியம் எனக்கில்லை.

நடந்தது இவ்வளவுதான். குழுவில், எல்லோரும் பார்க்க, எழுதினேன்: “அக்னஸ், தப்பு என்னுது. மன்னிச்சிடுங்க. அந்த வாழ்த்த மறுபடி அனுப்புவீங்களா?”

அவர் படித்துவிட்டார். டைப் செய்துகொண்டிருப்பதாகக் காட்டுகிறது. நின்றுவிடுகிறது. மறுபடி காட்டுகிறது. அரைமணி நேரமாக இப்படியே. ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்க்கிறார் போலிருக்கிறது. அந்தப் பயத்தைக் கொடுத்தவன் நான்.

இனி நான் எழுதுவதாக இல்லை. அவருடைய வாழ்த்து வந்தால் நீங்களே படித்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து திருத்தாதீர்கள்.