இரண்டு வயரும் ஒரே கம்பெனி

இப்போதெல்லாம் ஒருத்தனும் வாயைத் திறந்து பேசுவதில்லை. டிவியில் படம் போய்விட்டால் மிஸ்டு கால் கொடுக்கிறான். ஒரு ரிங், உடனே கட். என் காசில் நான் கூப்பிட்டு, "என்னங்க பிரச்சினை?" என்று கேட்க வேண்டுமாம். ஏணியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால், கதவைத் திறக்கிறவன் கையிலிருக்கும் போனைப் பார்த்தபடியே டிவி இருக்கும் பக்கம் விரலைக் காட்டுகிறான். படம் வந்த பிறகு ஒரு வாய்த் தண்ணீர் வேண்டுமா என்று கேட்க ஆள் கிடையாது. முன்னே மட்டும் ரொம்ப ஒழுங்கா என்று என் மனைவி சகுந்தலா கேட்பாள். இல்லைதான். ஆனால் முன்னே திட்டியவன் முகத்தைப் பார்த்துத் திட்டினான்.

நான் செகந்திராபாத் மெட்டுகுடாவில் கேபிள் கொடுக்கிறவன். கேபிள் சந்தானம் என்றால்தான் ஆட்களுக்குத் தெரியும். அரக்கோணத்தில் எட்டாவதில் கோட் அடித்து, ரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்து, மாற்றலாகி செகந்திராபாத் வந்தேன். அப்புறம் வேலையை விட்டுவிட்டு மொட்டை மாடியில் டிஷ் வைத்தேன். ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அப்போது தமிழ் சேனல் கொடுக்க வேறு ஆள் இல்லை. பிறகு தெலுங்குக்காரர்கள் கேட்டார்கள், அவர்களுக்கும் கொடுத்தேன். பிறகு அதே வயரில் இன்டர்நெட் வந்தது. அது என்ன சமாச்சாரம் என்று எனக்கு இன்றைக்கும் முழுசாகத் தெரியாது. கம்பெனி அனுப்புகிறது, நான் வீடு வீடாகப் பிரித்துக் கொடுக்கிறேன். அவ்வளவுதான்.

கம்பெனிகள் இரண்டு இருந்தன. பெயர் சொல்ல மாட்டேன், வக்கீல் வைத்திருக்கிறார்கள். ஒன்றின் வண்டி சிவப்பு, இன்னொன்றின் வண்டி நீலம். இரண்டும் ஒன்றையொன்று கடித்துக் குதறும். ராத்திரியில் அடியாளை விட்டு வயரை அறுக்கும். நடுவில் எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்குத்தான் தலைவலி. ஆனால் நான் ஒரு வேலை செய்து வைத்திருந்தேன். என் கண்ட்ரோல் ரூமில் இரண்டு கம்பெனி வயரையும் வரவழைத்துப் பக்கத்துப் பக்கத்தில் தொங்க விட்டிருந்தேன். சிவப்புக்காரன் வாலாட்டினால் அவன் வயரைப் பிடுங்கிவிட்டு நீலத்தைச் செருகுவேன். மறுநாளே சிவப்புக்காரன் புல்லாரெட்டி இனிப்புப் பொட்டலத்தோடு வந்து நிற்பான். நீலக்காரன் வாலாட்டினாலும் இதே வைத்தியம். இத்தனை வருஷம் நான் தலைநிமிர்ந்து தொழில் செய்தது இந்த ஒரு வேலையால்தான்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் இரண்டும் சேரப் போகின்றன என்று பேச்சு வந்தது. எங்கள் ஆபரேட்டர் சங்கத்தில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். இனி வயர் அறுப்பு இல்லை, நிம்மதியாகத் தூங்கலாம் என்றார்கள். சேருகிற அன்றைக்குப் பார்க்கலாம் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் எலிசபெத் அக்கா வந்தார். ரயில்வே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர், ஊர் நாசரேத். மகன் தோஹாவில் இருக்கிறான். அங்கே வெள்ளிக்கிழமை லீவு, அன்றைக்குக் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுவார்கள். பேத்தி அங்கேயே பிறந்தவள். அக்கா அவளைத் தூக்கியது கிடையாது, பார்த்ததெல்லாம் அந்தக் கண்ணாடியில்தான்.

"அண்ணாச்சி, ஒங்க வயர எலி கடிச்சிட்டா? எம் மவன் மூஞ்சி அப்படியே ஒறைஞ்சி போயி நிக்கு. வாயத் தெறந்தவன் மூட மாட்டேங்கான்."

"கம்பெனிக்குப் போன் பண்ணீங்களா?"

"பண்ணாம? ஒரு பிள்ள எடுத்து, வெளிநாட்டுல கோளாறுங்கு. இன்னொரு பிள்ள, ஒங்க ஆபரேட்டர் வயர் பழசுங்கு."

என் வயரைச் சொன்னதும் எனக்குச் சுர்ரென்றது. ஏணியைப் போட்டு அவர் வீட்டுக்குப் போகிற வயர் முழுக்கத் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. வீட்டுக்குள் போய், "வேற எதையாவது ஓட்டுங்க" என்றேன். கம்பெனியின் சொந்த சினிமாப் பக்கம் ஒன்று உண்டு, அதில் ஒரு படத்தை அமுக்கினார். தடங்கல் இல்லாமல் ஓடியது. மகனைக் கூப்பிட்டார். மூன்று வார்த்தை பேசினான், நின்றுவிட்டான்.

"பாருங்க, சண்டைப் படம் ஓடுது, எம் மவன் ஓட மாட்டேங்கான்" என்றார். "அந்தப் பிள்ளைய கேட்டா, எங்க கம்பெனியிலயே பேசுத வசதி இருக்கு, மாசம் தனியா கட்டுங்கங்கு."

எனக்கு விஷயம் பிடிபட்டது, சிவப்புக்காரன் வேலைதான். நேராகக் கண்ட்ரோல் ரூமுக்குப் போய் வழக்கமான வைத்தியத்தைச் செய்தேன். சிவப்பைப் பிடுங்கினேன், நீலத்தைச் செருகினேன். இனிப்பு வரட்டும் என்று உட்கார்ந்தேன்.

இனிப்பு வரவில்லை, எலிசபெத் அக்காதான் வந்தார். "அண்ணாச்சி, இப்பவும் அப்படியேதான் நிக்கான்."

திரும்பச் சிவப்பு, திரும்ப நீலம். எதை மாற்றினாலும் சினிமா பறந்தது, மகன் நின்றான். வயர் இரண்டு, தொங்குகிற சீட்டில் பெயர் இரண்டு, பின்னால் இருக்கிறவன் ஒருத்தன். எப்போதோ சேர்ந்துவிட்டிருக்கிறார்கள். வண்டிக்குப் பெயின்ட் மாற்றாததால் எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். தமிழ்ச்செல்வன், இன்ஜினியர், கச்சிபௌலி ஆபீஸ். சகுந்தலா டீ கொடுத்தாள்.

"ஐயா, நானும் தமிழ்தான். அரூர் பக்கம்."

"அதனாலதானே உன்ன அனுப்பியிருக்கான். தெலுங்குல கேட்டா நான் மாட்டேன்னுடுவேன்னு."

சிரித்துவிட்டான். நல்ல பையன்தான். வந்த விஷயத்தைச் சொன்னான். என் லைன் முழுவதையும் கம்பெனி பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நான் பார்ட்னராக இருக்கலாமாம். ஏணியை நானே தூக்கலாம். எந்த வீட்டுக்கு என்ன போகும் என்பதை மட்டும் அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம்.

"அது இருக்கட்டும். எலிசபெத்தம்மா வீட்டுல என்ன கோளாறு? அத சொல்லு மொதல்ல."

டீயை ஊதினான். "கோளாறு இல்லங்க ஐயா. எதுக்கு மொதல்ல வழி விடணும், எத நிறுத்தி வைக்கணும்னு மேல ஒரு ஏற்பாடு. நம்ம சினிமா, நம்ம போன் வசதி மொதல்ல போகும். மத்ததெல்லாம் பின்னாடி."

"அந்தம்மா காசு கட்டுது இல்ல?"

"கட்டறாங்க. ஆனா லைன் நம்மளுதுங்களே. ரயில்வேல கூட எக்ஸ்பிரஸ் வந்தா பாசஞ்சர லூப் லைன்ல ஓரம் கட்டறாங்க இல்ல? அந்த மாதிரிதான்."

என்னிடமே ரயில்வேயைப் பேசுகிறான். "கட்டறான்பா. நானே ராத்திரி முழுக்க ஓரமா கெடந்திருக்கேன். ஆனா போற எக்ஸ்பிரஸ் ஸ்டேஷன் மாஸ்டரோட சொந்த வண்டியா? அவன் மச்சான் வண்டி போகணும்னு என் வண்டிய நிறுத்துவானா?"

டம்ளரைக் கீழே வைத்தான். "எனக்கே இது சரியாப் படலைங்க ஐயா. அமெரிக்காவுலயும் இதே சண்டைதான் நடக்குது. இங்க இன்னும் சட்டம்னு ஒன்னும் வரல."

"சட்டம் வர்ற வரைக்கும் எலிசபெத்தக்கா புள்ள வாயத் தொறந்துக்கினே உக்காந்திருப்பானா?" என்றாள் சகுந்தலா உள்ளேயிருந்து.

"வெள்ளிக்கிழமை ஆபரேட்டருங்களுக்கு மீட்டிங் இருக்குங்க. பெரியவர் வர்றார். அங்க கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமைக்குள் நான் செகந்திராபாத் அரசாங்க டெலிபோன் ஆபீசுக்கு ஒரு நடை போய் வந்தேன். அவர்களும் இன்டர்நெட் லைன் கொடுக்கிறார்களாம். மெதுவாகத்தான் வரும், பரவாயில்லையா என்று கேட்டார் அங்கிருந்த அம்மா. வீட்டுக்கு வந்து சகுந்தலாவிடம், கையெழுத்துப் போடவில்லை என்றால் டிவிக்குப் பழைய டிஷ்ஷைத் திரும்ப ஏற்ற வேண்டும், காசு கட்டிப் பார்க்கிற சேனல் பாதி போய்விடும், ஆட்களும் போவார்கள் என்றேன். "போட்டா?" என்றாள். "போட்டா வயரு நம்ம கையில இருக்காது." டிஷ்ஷைத் துடைக்கத் துணி எடுத்துக் கொடுத்தாள்.

கம்பெனி பஸ் எங்களை ஏற்றிக்கொண்டு கச்சிபௌலியில் ஒரு ஓட்டலில் இறக்கியது. ஏசி ஹால். ஆளுக்கு ஒரு சால்வை. என் பக்கத்தில் லாலாகுடா ஃபாத்திமா உட்கார்ந்திருந்தாள். புருஷன் போன பிறகு அவன் லைனை அவள்தான் நடத்துகிறாள். மேடையில் ராகவேந்திரா. சேர்ந்த கம்பெனிக்கு ஐதராபாத்தில் அவர்தான் தலை. மைசூர்க்காரர், சென்னையில் இருந்ததால் தமிழ் வரும். இனிமேல் நாமெல்லாம் ஒரே குடும்பம் என்றார். வயரை அறுத்தவனும் அறுபட்டவனும் சேர்ந்து கைதட்டினார்கள்.

நான் எழுந்து மைக்கைக் கேட்டேன். எலிசபெத் அக்கா விஷயத்தைச் சொன்னேன். "எந்த வீட்டுலயும் எதையும் ஓரம் கட்ட மாட்டோம்னு இந்த மைக்குல சொல்லுங்க. இங்கயே கையெழுத்துப் போடறேன்."

ராகவேந்திரா சிரித்தார். "சந்தானம் சார், ஒரு தாயோட கண்ணீர்னா எனக்குத் தாங்காது" என்று போனை எடுத்தார். தமிழ்ச்செல்வனிடம் வீட்டு விவரம் கேட்டு யாருக்கோ சொன்னார். எங்களுக்கு ஜூஸ் கொடுத்தார்கள். அதைக் குடித்து முடிப்பதற்குள் என் போன் அடித்தது. எலிசபெத் அக்கா.

"ஸ்பீக்கர்ல போடுங்க சார்" என்றார் ராகவேந்திரா, மேடையிலிருந்து இறங்கி வந்து மைக்கை என் போன் பக்கம் நீட்டி.

"அண்ணாச்சி! மவன் மூஞ்சி பளிச்சினு தெரியிது! பேத்தி நாக்க நீட்டி அழகு காட்டுதா! நீங்க நல்லா இருக்கணும் அண்ணாச்சி!"

ஹாலே எழுந்து கைதட்டியது. எனக்கும் ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ராகவேந்திரா பேனாவை நீட்டினார்.

நான் வாங்கவில்லை. "பக்கத்து வீட்டுக்கு?"

"அவங்களும் கம்ப்ளைன்ட் கொடுக்கட்டும், பார்ப்போம்."

"இவ்வளவு நாளா வெளிநாட்டுல கோளாறு, வயர் பழசுன்னு சொன்னீங்க. ஒரு ஜூஸ் குடிக்கிற நேரத்துல தெறந்துட்டீங்களே. அப்போ அடைச்சு வெச்சிருந்தது யாரு?"

கைதட்டியவர்கள் உட்கார்ந்தார்கள். ராகவேந்திராவுக்குச் சிரிப்பு மட்டும் போகவில்லை. மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். "நம்ம ரோடு, நம்ம வண்டி முன்னாடி போகுது. உலகம் பூரா இப்படித்தான் சார். நீங்க எந்த வயருக்குப் போவீங்க? ரெண்டும் நாங்கதான்."

"அரசாங்கத்து லைன் எடுக்கிறேன்."

அவர் மெதுவாகச் சொன்னாலும் நான் சத்தமாகத்தான் சொன்னேன். முன் வரிசையில் சிரித்தார்கள். "அது ஆமை மாதிரி வருமே!" என்றான் ஒருத்தன்.

"வரட்டும். எல்லா வீட்டுக்கும் ஆமை மாதிரியே வரட்டும்."

ஃபாத்திமா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நக்கோ, வேணாம் சந்தானம் பாய். பெரிய ஆளுங்ககிட்ட எதுக்கு ஜித் பண்றீங்க?"

"வீம்பு பண்ணல ஃபாத்திமா. நீ போடு, உனக்குப் புள்ளைங்க படிப்பு இருக்கு. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

அவள் போட்டாள். போடும்போது என்னைப் பார்க்கவில்லை. வரிசையாக எல்லோரும் போட்டார்கள். நான் சால்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

வாசலில் நின்று எலிசபெத் அக்காவைக் கூப்பிட்டேன். திங்கட்கிழமை வயர் மாற்றுகிறேன், மகன் முகம் கொஞ்சம் மங்கலாக வரலாம் என்றேன்.

"எனக்குத்தான் சரியாயிட்டே அண்ணாச்சி. பெறகும் எதுக்கு மல்லுக்கு நிக்கீங்க?"

"இன்னிக்கு அவனா தெறந்தான் அக்கா. நாளைக்கு அவனா அடைப்பான். அப்ப நான் எந்த மைக்க போயி புடிக்கிறது?"

"கோவிச்சுக்காதீங்க அண்ணாச்சி. நான் நேரா கம்பெனிக்காரன்கிட்டயே வயர் வாங்கிக்கிடட்டா?"

வலித்தது. இருந்தாலும், "வாங்கிக்கோங்க அக்கா. உங்க வீட்டுக்கு வயர் இழுக்க அவனுக்கு என் கம்பம் வேணும். கட்டிக்கச் சொல்லுங்க, நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்றேன். நாம் எதைக் கூடாது என்கிறோமோ அதை நாமே செய்யக்கூடாது இல்லையா.

தமிழ்ச்செல்வன் பின்னாலேயே ஓடி வந்தான். "ஐயா, கம்பெனி பஸ் இருக்கு, சாப்பாடு இருக்கு. சாப்ட்டுட்டாவது போங்க. ஒரு ரெண்டு வருஷம் பொறுங்க, சட்டம் வந்துடும், எல்லாருக்கும் சமமா ஆயிடும்."

"வரட்டும். எழுதறது யாருன்னு பாத்துட்டு எனக்குச் சொல்லு."

"யாரையுமே நம்ப மாட்டீங்களா?"

"உன்ன நம்பறேன். உன் கம்பெனிய நம்பல."

அவன் அங்கேயே நின்றான். கேப் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. கண்ணாடிக் கட்டடங்களின் ஓரமாக, செகந்திராபாத் பஸ் எங்கே நிற்கும் என்று ஒருத்தரிடம் கேட்டுக்கொண்டு நடந்தேன்.